அறுந்த தோரணம்

"அம்மா, நெல்லை எந்தத் தறியில நெய்யறாங்க?" என்று முன்பொரு நாள் கேட்ட யாழினி, இன்று வேளாண் கண்காட்சியில் அப்பாவின் தோளிலிருந்து டிராக்டரைக் காட்டிக் கூவுகிறாள். அமாவாசை என்பதால் வீட்டில் தறிக்கு ஓய்வு. பந்தல் இடுக்கு வழியே விழும் வெயிலில் சின்னபொண்ணுவின் கடையில் அவள் போட்டிக்குக் கட்டிய நெற்கதிர்த் தோரணம் மின்னுகிறது. யாழினியின் அம்மா தேவிப்ரியா அதன் நூலைத் தடவிப் பார்க்கிறாள். "லீவு நாள்லயும் நூலைத் தடவிகினு! நாங்க முன்ன போறோம், ஜல்தியா வா," என்று சிரித்தபடி கணவன் லோகநாதன் மகளோடு நகர்கிறான். கொரோனாவில் தறி நின்றபோது, கேட்காமலே சேவூரிலிருந்து அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்துப் போனவள் இந்தச் சின்னபொண்ணு. நன்றி சொல்ல வாயெடுத்தால், "இத்தப் போய் பேசிகினு," என்று அடக்கிவிடுவாள். "பரிசுக்குப் பாக்கறவங்க வந்துட்டாங்களாம் தேவி. கூட்டிகினு வந்துடறேன், இங்கயே இரு," என்று இப்போது ஓடுகிறாள்.

அவள் போனதும் பலமாகக் காற்றடிக்கிறது. நூல் அறுந்து கதிர்கள் புழுதியில் விழுகின்றன. தேவிப்ரியா குனிந்து அவற்றைப் பொறுக்குகிறாள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து பட்டிழைகளை உருவுகிறாள். இழை வழுக்காமலிருக்க, காலையில் கோயிலில் வாங்கி மடித்து வைத்த விபூதியை விரலில் தொட்டுக்கொண்டு, தறியில் பாவு இழைகளை இணைப்பதுபோல் அறுந்த முனைகளோடு முறுக்கிச் சேர்க்கிறாள். கதிர்களை ஒவ்வொன்றாக ஊதித் தூசி போக்கி மாட்டுகிறாள். இணைத்த இடம் அவள் கண்ணுக்கே தெரியவில்லை. சின்னபொண்ணு அதிகாரிகளோடு வருகிறாள். "எவ்ளோ நேர்த்தியா கட்டியிருக்கீங்கம்மா!" என்கிறார் ஒருவர். சின்னபொண்ணு வெட்கத்தோடு சிரிக்கிறாள். விரலில் ஒட்டிய விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, தேவிப்ரியா சந்தடியில்லாமல் டிராக்டர் பக்கம் நடக்கிறாள்.