இன்னைக்காவது பேசினாளா?

கதவு திறந்ததும் தாய் ஓடிவந்தாள். "மேடம், இன்னைக்காவது பாப்பா பேசினாளா?"

"இல்லம்மா." ஸ்பீச் தெரபிஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"இங்க வர ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சே! சாப்பிடவாவது செஞ்சாளா?"

"பழக்கூழ் மொத்தமும் முழுங்கிட்டா. நாளையிலேர்ந்து நீங்களே உள்ள உக்காந்து ஊட்டுங்க. நான் வெளியில நிக்கிறேன்."

"ஐயோ, எனக்கென்ன தெரியும்? உங்ககிட்ட மட்டும்தானே வாயத் திறக்கிறா!"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் தெரபிஸ்ட், சற்றுக் கடுமையாகவே.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் தெருவில் இறங்கும்வரை தெரபிஸ்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்பு, கடைசிக் கரண்டியை விழுங்கிய குழந்தை, அவள் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்து மணிமணியாகச் சொல்லியிருந்தது:

"அம்மா."