முன்னூறு பேரும் எங்கே?

"சாமி, அஞ்சு மணிக்கு மூடிடுவாங்களாம். இன்னும் அரை மணிதான் கீது. கெளம்புங்க சாமி!"

1946 தேர்தல் நாள். மயிலாப்பூர் பஞ்சாபகேசன் ஈஸிசேரை விட்டு அசையவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தேவானை வாசற்படிக்குக் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இந்த வெயில்லயா? என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போறது?"

"அந்தாளு ஜெயிச்சா ஆத்தங்கரைக் குடிசையெல்லாம் பிரிச்சிப் போட்டுடுவேன்னு கூட்டத்துல சொல்லிக்கீறான் சாமி. நாலு புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

அழுதாள். அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"உங்க குப்பத்துல எத்தனை பேர்?"

"முன்னூறு பேரு சாமி."

"முன்னூறு பேர்! அத்தனை பேரும் போய்ப் போட்டாலே அவன் தோத்துடுவானே! ஓட்டுப் போடறது ஒரு கடமைடீ. அதைச் செய்யாம எங்காத்து வாசல்ல வந்து அழறியே! எங்கே போய்த் தொலைஞ்சா எல்லாரும்?"

தேவானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு ஏது சாமி ஓட்டு? வரி கட்றவங்களுக்கும் படிச்சவங்களுக்கும்தானே குடுத்துக்கீறாங்க. முன்னூறு பேரும் அவங்கவங்க வேலை செய்யற வூட்டு வாசல்லதான் நின்னுக்கினு கீறாங்க, இப்டியே கும்பிட்டுக்கினு."