கழித்தல் குறி

கரும்பலகையில் தான் போட்டிருந்த ஒரு கழித்தல் குறியின் குறுக்கே யாரோ கோடு கிழித்துக் கூட்டலாக்கியிருந்ததைப் பார்த்ததிலிருந்து சுகிர்தாவுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. பலகை இருந்த ஆய்வறையின் சாவி அவளிடமும், பல வருடங்களாக அவளோடு சேர்ந்து ஆய்வுக்கட்டுரை எழுதும் நல்லதம்பியிடமும்தான் இருந்தது. கணிதத்தில் 'குலம்' எனப்படும் ஓர் அமைப்பின் இயற்கணிதத்தை, பிளாக் எனப்படும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவது அவர்கள் வேலை, அதுவும் இரண்டு என்ற பகா எண்ணுக்கு மட்டும். ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கும் இரண்டின் கணக்கில் கூட்டலும் கழித்தலும் ஒன்றுதான். அதனால் இருவருமே குறிகளை இஷ்டத்துக்குப் போடுவார்கள். ஒருவரை ஒருவர் திருத்தியதே இல்லை. இப்போது மட்டும் அந்தக் குறி யார் கண்ணை உறுத்தும்? குறி மாறினால் விடையே மாறிவிடும் மூன்றுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பவனின் கண்ணைத்தான். அதுவும் அவளிடம் சொல்லாமல்.

"சார், மூணுக்கு ஏதாவது போட்டுப் பாத்தீங்களா?"

"மூணா? ரெண்டே நம்ம உயிர எடுக்குது மேடம்!" என்று நல்லதம்பி சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போனதும், கடைசி வரியில் இருந்த ஒரு கூட்டல் குறியின் நெட்டுக்கோட்டை விரலால் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வந்தவர் பலகையை வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. கை தானாகச் சாக்பீஸ்வரை போய், அதைத் தொடாமல் திரும்பியது.

"எல்லாம் சரியா இருக்கு மேடம்," என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்து, சாக்பீஸே படாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.