தொடாத கை

"ஒரு கைதான் சுவத்துல பட்டுது. தவளை நீச்சல்ல ரெண்டு கையும் ஒண்ணாப் படணும். உங்களுக்கே தெரியுமே" என்றார் நடுவர்.

மாமாவுக்கா தெரியாது? நீச்சல் பழக வந்த ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த விதி தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பயிற்சி கொடுப்பவருக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார் மனுஷன்.

முடிவுப் பலகையில் நான்கு நொடி மாமாவின் மச்சான் பெயர் முதலிடத்தில் இருந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. பிறகு அந்தப் பெயர் கடகடவென்று அடிவரிக்கு இறங்கி, பக்கத்தில் 'தகுதி நீக்கம்' என்று வந்தது. சர்வதேசப் போட்டியில் தங்கம், நான்கே நொடிக்கு.

மச்சான் ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தவளை என்பது அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சுவரில் மோதிய விரலில் நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. அதை அவன் பார்க்கக்கூட இல்லை. மாமாதான் துண்டை எடுத்துப் போர்த்தினார். போர்த்தியதுகூட அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"என்னடா ஆச்சு? நீச்சல் கண்ணாடிப் பட்டை அறுந்துபோச்சே, அந்தப் பதட்டமா? என் பையில இன்னொண்ணு இருக்குன்னு சொன்னேனே, எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன்."

"அப்புறம் என்ன கேடு?"

மாமாவின் போன் அடித்தது. அவர் மனைவி, தவளையின் அக்கா.

"அழறானா?"

"அழுதாத் தேவலையே. கல்லு மாதிரி உக்காந்திருக்கான்."

"திட்டிக்கிட்டி வெச்சுடாதீங்க. அவனுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

வாஸ்தவம்தான். கல்யாணமான புதிதில் மச்சானைக் குளத்துக்குக் கூட்டிப்போனவர், அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்குக் கையில் கடிகாரத்தோடு கரையில் நிற்கிறார். அவன் என்ன சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும், எந்தச் சத்து மாத்திரை எத்தனை மணிக்கு, எல்லாம் அவர் பொறுப்பு. தவளை கையை மட்டும் நீட்டுவான். ஒரு நாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து நீலச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். பதக்கம் வாங்கப்போகும் மூன்று பேரையும் ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்துப்போவதும், பாத்ரூம் வரைக்கும் நிழலாகக் கூடவே நிற்பதும் அவர் உத்தியோகம். தவளையின் அருகில் வந்து கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மன்னிக்கணும், லிஸ்ட் மாறிடுச்சு. உங்களுக்குச் சோதனை இல்ல, நீங்க போகலாம்" என்று சொல்லிவிட்டு, நான்காவதாக வந்தவனைத் தேடிப் போய்விட்டார்.

மாமாவுக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று வரைக்கும் யாரென்றே தெரியாத எவனோ ஒருவனின் கழுத்தில் போய் விழப்போகிறது பதக்கம்.

"விட மாட்டேன். ஆட்சேபம் தெரிவிக்க அரை மணி நேரம் இருக்கு. வீடியோவை மறுபடி போட்டுப் பாக்கச் சொல்லுவோம். இடது கை லேசாப் பட்டுச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"படல மாமா."

"வாயை மூடு! இருபத்தொன்பது வயசாயிடுச்சு உனக்கு. அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாதுடா." ஆட்சேபப் படிவத்தை எடுத்து முட்டியில் வைத்து மளமளவென்று நிரப்பினார். நீந்தியவனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவை நீட்டினார்.

தவளை அதை வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த தன் மேல்சட்டையின் பாக்கெட்டில் கைவிட்டு எதையோ எடுத்து, படிவத்தின் மேல் வைத்தான்.

பாதி காலியான மாத்திரை அட்டை.

"கண்ணாடி தேடும்போது உங்க பையில இருந்துச்சு. நீங்க தினம் உரிச்சுக் குடுக்கற அதே மாத்திரை. இதோட பேரு, அதோ அந்தக் கதவுல ஒட்டியிருக்கற தடைப் பட்டியல்ல இருக்கு மாமா. மூணாவது வரி."

நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது.

"மெதுவா நீந்தித் தோத்துடலாம்னுதான் பாத்தேன். கால் கேக்கல. சுவரு வந்துடுச்சு. வேற வழி தெரியல, இடது கையை இழுத்துக்கிட்டேன்." பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் பேசுவதுபோலப் பேசினான். அதில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாமா சுற்றும்முற்றும் பார்த்தார். அட்டையை அவசரமாகக் கைக்குள் பொத்திக்கொண்டு, அவன் காதருகே குனிந்தார்.

"சோதனைல தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது. நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் குடுத்தேன்."

தவளை அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, மாமா."