சும்மா இருந்த கம்ப்யூட்டர்

"இது அவன் வெச்ச வேட்டுதாம்மா. சந்தேகமே இல்ல" என்றார் மேனேஜர் பாலசுந்தரம், மேசை மேலிருந்த கம்ப்யூட்டரை முறைத்தபடி.

திருச்சியிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய புஷ்பவல்லி கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் இன்ஜினீயர் அவள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு யூனிக்ஸ் மெஷின் வந்திருந்தது, எண்பத்தெட்டில் பெரிய அதிசயம்.

"யாருங்க சார் அவன்?"

"கொளஞ்சி. இதுக்கு ஸ்கிரிப்ட் எழுதினவன். எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிப்பான். போன மாசம் வேலைய விட்டுத் தூக்கிட்டேன். பள்ளத்துல கல்லு சுமக்கறவ மவனக் கொண்டாந்து ஏ.சி. ரூம்ல ஒக்கார வெச்சா, வேற என்ன பண்ணுவான்?"

பாறையில் துளை போட்டு மருந்து வைத்தபின், எந்தத் துளை எந்த வரிசையில் வெடிக்க வேண்டும் என்று, கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த அந்த ஸ்கிரிப்ட் கணக்குப் போட்டுச் சீட்டு அடிக்கும். சீட்டு கைக்கு வந்ததும் வெடிக்காரன் மாயவன் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்ச் சாவியைத் திருகுவான். கொட்டகையிலிருந்து பள்ளம் தெரியாது.

"கையால கணக்குப் போட்டப்போ ஆன நேரம்தான் இப்பவும் ஆவுது. பின்ன எதுக்கும்மா கம்ப்யூட்டர்?"

வெளியே வெடிக்கு முன்னால் ஊதும் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. டைப்பிஸ்ட் சிந்தாமணி ஸ்கிரிப்டை ஓடவிடப் போனாள். அவளை நகரச் சொல்லிவிட்டு, நேரத்தை அளக்கும் கட்டளையோடு சேர்த்துப் புஷ்பவல்லியே ஓடவிட்டாள்.

திரை அசையாமல் கிடந்தது. ஜன்னல் வழியே பள்ளத்துச் சரிவு தெரிந்தது. மேஸ்திரி பிச்சைமுத்து கையை வீசிக் கத்திக்கொண்டிருக்க, பெண்கள் கூடைகளோடு மேலேறினார்கள். கடைசியாக வந்தவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள்.

ஒருவழியாகப் பிரிண்டர் கடகடத்தது. மாயவன் சீட்டைக் கிழித்துக்கொண்டு போனான். வெடிச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

புஷ்பவல்லி திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். மொத்தமாக ஆன நேரம் மலையளவு இருந்தது. மெஷின் வேலை செய்த நேரமோ கடுகளவு.

"சார், இது மெதுவா ஓடல. சும்மா ஒக்காந்திருக்கு. எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு."



ஸ்கிரிப்டைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கணக்கு முடிந்து, சீட்டு அடிப்பதற்கு முன்னால் ஒற்றை வரி: 'ஸ்லீப்'. இவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் தூங்கு என்று மெஷினுக்கு இடும் கட்டளை. பக்கத்தில் ஒரு விளக்கமும் எழுதியிருக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்ல! நாசகாரப் பய. தூக்கும்மா அத."

அவள் விரல் தயங்கியது. "எதுக்கு வெச்சாருன்னு அவரையே ஒரு வார்த்த கேட்டுடலாமே சார்?"

"தொரத்தி விட்டவன் வாசல்ல நான் போய் நிக்கணுமா? எடும்மான்னா!"

எடுத்துவிட்டாள்.

மத்தியானம் மறுபடி சங்கு ஊதியது. சிந்தாமணி ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். சங்குச் சத்தம் அடங்குவதற்குள் பிரிண்டர் கடகடத்தது. காத்திருந்த மாயவனே ஒரு கணம் திகைத்து, பிறகு சீட்டைக் கிழித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான்.

"பிரமாதம்மா!" பாலசுந்தரம் மேசையைத் தட்டினார். "சிந்தாமணி, அம்மாவுக்குக் காப்பி சொல்லு."

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சாயங்கால ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கைப்பையை எடுத்தாள். அந்தக் கணம் தரை குலுங்கியது. ஜன்னலை வெள்ளைப் புழுதி வந்து மூடியது.

புழுதிக்குள்ளிருந்து மேஸ்திரி பிச்சைமுத்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து கால்வரை வெளுத்திருந்தார்.

"சார்... பொம்பளைங்க யாரும் இன்னும் மேல ஏறி வரலீங்களே!"