கேப்டன் மாமனாரின் செக்ஸ்டன்ட்

“தாதா, இது ஷோகேஸ் பொம்மை. முள் நகரவே மாட்டேங்குது. என் மாமனார் கப்பல் கேப்டனா இருந்தவர். தொட்ட உடனே கண்டுபிடிச்சிடுவார்!” என்று பழம்பொருள் கடைக்கார அண்ணனிடம் தன் ஓட்டை வங்காள மொழியில் பதறினான் உதய்.

நடுக்கடலில் சூரியனைப் பார்த்துக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் கருவிதான் செக்ஸ்டன்ட். நியூ டவுனுக்கு வீடு மாற்றியபோது, மாமனார் கொடுத்துவைத்திருந்ததைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்ட புத்திசாலி உதய்தான். மத்தியான விமானத்தில் அவர் வருகிறார்.

நாலு கடை ஏறி இறங்கியபின், ஆற்றங்கரைக் கடையொன்றில் இன்னொன்று கிடைத்தது. யூடியூப் பார்த்துத் தேறியிருந்த உதய், முள்ளைச் சைபரில் வைத்து, அக்கரையில் ஹவுராவின் ஒரு கூரையைப் பார்த்தான். கண்ணாடியில் தெரிந்த கூரையும் நேரில் தெரிந்த கூரையும் பிசகாமல் ஒட்டிக்கொண்டன. அசல்! பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடினான்.

வந்ததும் வராததுமாக மாமனார் அலமாரியைத் திறந்து அதைக் கையில் எடுத்தார். முகம் மாறியது.

“மாப்பிள்ளை, இதுல முள் நகருதே! நான் கொடுத்ததுல நகராதே!”

“நகரணுமே மாமா?”

“அப்பா, அந்தப் புயல் கதையை இவர்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்களேன்!” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் ஹர்ஷினி. அப்பாவின் கப்பல் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள்.

மாமனார் அறைக்கதவை மெல்லச் சாத்தினார்.

“இதை எப்படிப் பிடிக்கணும், மாப்பிள்ளை?”

உதய் மொட்டைமாடிச் சாவியை எடுத்தான்.

“வாங்க கேப்டன், சூரியன் இன்னும் இறங்கலை.”