பத்தாவது போர்வை

மூன்று மாதப் படிப்புக்காக மலைக்கு வந்த யோகா டீச்சர் நான். கூடப் படிக்கும் ஒன்பது பேரும் சவாசனத்தில் கண்மூடியதும் போர்வை போர்த்திவிடுவது என் வேலை. முனையைக் குதிகாலுக்கு அடியில் செருகிவிடுவேன். என்னுடையதையும் சேர்த்தால் மொத்தம் பத்துப் போர்வை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தையும் போர்த்திவிட்டேன். கடைசியில் படுத்திருந்தவளின் பாதங்கள் சில்லிட்டிருந்தன. ஐயோ பாவம் என்று தேய்த்துவிட்டேன். எழுந்தது ஒன்பது பேர்தான். ஒரு போர்வையைக் காணோம்.

வியாழக்கிழமை வனக்காவலர் அதைக் கொண்டுவந்தார். கரடித் தடம் தேடிப் போனவர் பள்ளத்தில் ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கிறார். போன வருஷம் இங்கே படிக்க வந்து, கரடி பார்க்கப் போய்த் திரும்பாத மாணவியாம்.

"எலும்பு பழசும்மா. போர்வைதான் புதுசு. குளிருமேன்னு கால்கிட்ட யாரோ செருகி விட்டிருக்காங்க."

நான் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

மறுநாள் ஒன்பது பேருக்கும் போர்த்தினேன். ஒன்பது போர்வையும் மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் படுத்துக் கண்ணை மூடினேன்.

யாரோ பத்தாவதை எனக்குப் போர்த்தி, முனையைக் குதிகாலுக்கு அடியில் செருகினார்கள். ஐயோ பாவம் என்பது போல என் பாதங்களைத் தேய்த்தார்கள்.

எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவேயில்லை.